லத்தீன் தெரியாத மாமா லத்தீனில் பேசியது

என் மாமா பெல்லினோ தன் ஆயுளில் ஒரே ஒரு தடவைதான் லத்தீனில் பேசியிருக்கிறார். அதுவும் அவருக்குத் தெரியாமல். அரண்மனையில் விருந்து முடிந்து பெரிய மனிதர்கள் பன்னீரில் கைகழுவிவிட்டுச் சாய்ந்திருக்க, மாமா அவர்கள் நடுவில் சுத்தமான லத்தீனில் நெடுநேரம் பேசினார். நிஜ மாமா அப்போது எங்கள் கடையில் மெழுகுவர்த்திக்குத் திரி முறுக்கிக்கொண்டிருந்தார். கேட்டவர்களில் பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். தூங்காத பாதிப் பேரால்தான் வம்பு வந்தது.

மாமாவைப் பேச வைத்தவர் கல்யோத்தோ வாத்தியார். அவரை விட்டுவிட்டு மாமாவின் கதையைச் சொல்ல முடியாது. முடிந்தால் விட்டிருப்பேன்.

முதலில் மாமா. ஃபெராராவில் பெரிய கோயில் சதுக்கத்தில், வெயில் கடைசியாக வந்து முதலில் கிளம்பிவிடும் மூலையில் அவருடைய மருந்துக்கடை. மிளகு, கிராம்பு, வெனிஸிலிருந்து வரும் சர்க்கரை, சீமைமாதுளைப் பாகு, பேதி மருந்து, மெழுகு. ஊரில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் அவரிடம் வருவார்கள். காய்ச்சல் மருந்துக்குக் கேட்காமல் போய்விட்டால் மெழுகுவர்த்திக்கும் அவரிடமே வருவார்கள். ஒரே ஆளுக்கு இரண்டையும் விற்பதில் அவருக்கு எப்போதும் ஒரு கூச்சம். வர்த்தி வாங்க வருபவர்கள் முகத்தை அவர் நேராகப் பார்க்க மாட்டார். கூடவே ஒரு பிடி ஆரஞ்சுத்தோல் மிட்டாயைச் சும்மா பொட்டலம் கட்டித் தருவார்.

அவர் என் அம்மாவின் அண்ணன். பிள்ளைகள் இல்லை. அம்மாவும் நானும் கடைக்கு மேலே குடியிருக்கிறோம். கன்னியர் மடத்தில் என்னைப் பாதி லத்தீன் வரைக்கும் படிக்க வைத்தார்கள். அப்புறம் தீர்த்தத் தொட்டியில் ஒரு விலாங்கு மீன் நீந்தியது. மீன் காட்டிக்கொடுக்கவில்லை, என் சிரிப்புதான் காட்டிக்கொடுத்தது. மீதி லத்தீனை இன்னும் மடத்திலேயே வைத்திருக்கிறார்கள்.

மாமாவின் மனைவி தாதேயா அத்தை போன குளிர்காலத்துக்கு முந்தின குளிர்காலத்தில் இறந்துபோனாள். அவளைச் சாம்பல் முக்காடு சபையின் நிலவறையில் வைத்திருக்கிறார்கள். அந்தச் சபையில் மாமா கல்யாணத்துக்கு முன்பிருந்தே இருக்கிறார். கயிறு திரிப்பவர்கள், ரொட்டி சுடுபவர்கள், படகுக்காரர்கள் என்று நம் மாதிரி ஆட்கள்தான் அதில் எல்லோரும். யாராவது இறந்தால் சாம்பல் நிற முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, கண்ணுக்கு இரண்டு ஓட்டை மட்டும் தெரிய, தூக்கிக்கொண்டு போவார்கள். சபைக் கோயிலின் தரைக்கல்லைப் புரட்டினால் கீழே செங்கல் பரண்கள். புருஷனும் பெண்டாட்டியும் பக்கத்துப் பக்கத்தில். அத்தைக்குப் பக்கத்துப் பரண் காலியாக இருக்கிறது. அதில் படுப்பதுதான் மாமாவுக்கு மிச்சமிருக்கும் ஒரே ஆசை. சாவதற்கு அவசரமொன்றும் இல்லை. இடம் இருக்கிறது என்று தெரிந்தால் போதும், மனிதர் நிம்மதியாக மிளகு நிறுப்பார்.

நிம்மதி முழுசாக இல்லை என்பதும் எனக்குத் தெரியும். எங்கள் ஊர் மூடுபனி உங்களுக்குத் தெரியுமல்லவா, சாவித்துவாரம் வழியாகக்கூட உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். அந்த மாதிரி நாட்களில் மாமா கணப்பைக் கிளறிக்கொண்டே, நிலவறையில் ஈரம் இருக்குமோ, அவளுக்குக் குளிருமோ என்பார். பங்குச் சாமியாரிடம் கேட்டார். அவள் உத்தரிக்கிற ஸ்தலத்தில், பாவம் கழுவும் நெருப்பில் இருப்பாள் என்று சாமியார் சொன்னார். அன்றிலிருந்து குளிரை நினைப்பதா சூட்டை நினைப்பதா என்று தெரியாமல் மாமா தூக்கத்தைத் தொலைத்தார்.

இனி வாத்தியார். அரண்மனைப் பிள்ளைகளுக்கு லத்தீன் சொல்லித்தருபவர். குளிர் வந்தால் எங்கள் கடைக் கணப்புக்கு வந்துவிடுவார், கூடவே அவர் கூட்டாளிகளும். அவர்கள் பாதி நேரம் எங்களோடும் பாதி நேரம் பழைய ரோமாபுரியிலும் குடியிருந்தார்கள். ஒயினில் தண்ணீர் கலக்கும்போதுகூட, அந்தக் காலத்தில் எவ்வளவு கலந்தார்கள் என்று யோசித்துத்தான் கலப்பார் வாத்தியார். எங்கோ ஒரு மடத்தில் எலி தின்றது போக மிச்சமான பழைய ஏடு ஒன்று அகப்பட்டதாகச் சேதி வந்தால் அவருக்கு உடம்பு சுடும். நாங்கள்தான் மருந்து தருவோம். ஆயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் செத்தவர்களை ‘நம்ம ஆளு’ என்பார். உயிரோடு இருக்கும் மனைவியை ‘அது’ என்பார்.

அவர் ஒரு நூல் எழுதினார். சிறந்த வாழ்க்கை எது என்று கேட்கும் நூல். பழைய பெரியவர்கள் இதை நேராகச் சொல்ல மாட்டார்களாம். நண்பர்கள் நாலு பேரை ஒரு தோட்டத்தில் உட்காரவைத்து, ஆளுக்கொரு கட்சியைக் கொடுத்து வாதாடவிடுவார்களாம். நிஜமான நண்பர்கள், நிஜமான பெயர்கள். நடக்காத பேச்சை நடந்த மாதிரி எழுதுவதுதான் மரியாதை. வாத்தியாரும் அப்படியே செய்தார். நேர்மையே பெரிது என்று பேச ஒரு காவல்படைத் தலைவர். கடவுளே பெரிது என்று பேச ஒரு துறவி. கேட்டுக்கொண்டிருக்க வாத்தியார். மனசின் சுகமே பெரிது என்று பேச ஓர் ஆள் வேண்டும். அந்த இடத்தில் என் மாமாவை உட்கார வைத்துவிட்டார்.

“பெல்லினோ, உன்ன நூல்ல போட்டிருக்கேன்” என்று வாத்தியார் சொன்ன அன்றைக்கு மாமா பாதி நாள் கடையைச் சாத்திவிட்டார். எங்கள் ஊரில் வாத்தியார் நூலில் பெயர் வருவது, கோயில் சுவரில் நம் படத்தை வரைந்து வைப்பது மாதிரி. தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் இஞ்சிப்பாகு கொடுத்தார். நான் என்ன பேசினேன் என்று கேட்கமட்டும் அவருக்குத் தோன்றவில்லை. நாலு பேர் பேசுகிற இடத்தில் தான் என்னத்தைப் பெரிதாகப் பேசியிருக்கப்போகிறோம் என்று நினைத்திருப்பார்.

என்ன பேசினார் என்பதைச் சொன்னவர் சபைத் தலைவர் ஜிரால்டோ. சணல் வியாபாரி. நல்ல மனிதர். தப்பு செய்தவன் மாதிரி உள்ளே வந்து, எதுவும் வாங்காமல் முக்காலியில் உட்கார்ந்தார்.

“செத்தா எல்லாம் முடிஞ்சுதுன்னு சொன்னியாமே, பெல்லினோ?”

“யாருகிட்ட?”

“அரண்மனைல. லத்தீன்ல.”

மாமா சிரித்தார். தலைவர் சிரிக்கவில்லை. அவருடைய தம்பி மகன் ஒருவன் பெரிய கோயிலில் சாமியாராக இருக்கிறான். அந்த விருந்தில் அவனும் இருந்தானாம். வாத்தியார் நூலை உரக்கப் படித்திருக்கிறார். மருந்துக்கடை பெல்லினோ என்று ஒருவர் தோட்டத்தில் உட்கார்ந்து, உடம்போடு உயிரும் அணைந்துபோகும், அதற்கப்புறம் பயப்பட ஒன்றுமில்லை என்று பேசியிருக்கிறார். கடைசியில் துறவி பேசி எல்லோரையும் ஜெயித்துவிடுகிறார், ஆனால் அதற்குள் பழத்தட்டு வந்துவிட்டதாம்.

“உன்ன எனக்குத் தெரியாதா?” என்றார் தலைவர். “ஆனா சபைல பேசிக்கிறாங்க. கீழ படுத்திருக்கறவங்க எல்லாம் ஒருநாள் எழுந்திரிக்கலாம்னு காத்துட்டிருக்காங்க. அதெல்லாம் கிடையாதுங்கறவன எப்படிப்பா அவங்க நடுவுல படுக்க வைக்கிறது?”

மார்ட்டின் திருநாள் கழிந்த ஞாயிற்றுக்கிழமை சபை கூடும், மாமா வந்து வாயால் பதில் சொல்ல வேண்டும், அப்புறம் மொச்சைக்கொட்டையால் ஓட்டுப் போட்டு முடிவெடுப்பார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். போகும்போது வாசலில் திரும்பி ஒரு மெழுகுவர்த்தி வாங்கினார். பாவம், வெறுங்கையோடு போக அவருக்கு மனசு வரவில்லை.

அன்று மாலையே மாமா வாத்தியார் வீட்டுக்குப் போனார். துணைக்கு நானும். வாத்தியார் காலை வென்னீரில் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவருக்கு வருத்தம் வந்தது, ஆனால் மாமாவுக்காக இல்லை, நூலுக்காக. ரோமாபுரியில் இப்படி எத்தனையோ நண்பர்களை நூலில் போட்டார்கள், ஒருவராவது சண்டைக்கு வந்தார்களா என்றார். கிரேக்க தேசத்தில் சுகமே பெரிது என்று சொன்ன ஞானி ஒருவர் இருந்தாராம், ஒரு தோட்டமும் கொஞ்சம் ரொட்டியும் தண்ணீரும் போதும் என்று இருந்தவராம். அவர் கட்சியைப் பேச ஒரு பெருந்தீனிக்காரனைப் போட்டால் படிப்பவன் சிரிப்பான். அமைதியான ஆள் வேண்டும்.

“நாள் முழுக்கச் சர்க்கரை நிறுக்கற. ஒரு நாளாவது விரல நக்கியிருக்கியா நீ?” என்றார். “இந்த ஊர்ல அந்தக் கட்சியப் பேச உன்ன விட்டா ஆளே இல்ல.”

மாமாவுக்கு அது பாராட்டா என்று புரியவில்லை. “அப்ப உங்க பேரையே போட்டுக்கலாமே வாத்தியாரே” என்றார்.

வாத்தியார் காலை வென்னீரிலிருந்து எடுத்தார். அரண்மனை, சம்பளம், பெரிய பிள்ளைக்குக் கோயில் வேலைக்குச் சொல்லிவைத்திருப்பது என்று அவர் முகத்தில் வரிசையாக வந்து போயின. “நான் கேக்கறவனால்ல இருக்கேன் அதுல” என்றார் மெதுவாக.

பிறகு மாமா கேட்டார், முதல் நாளே கேட்டிருக்க வேண்டியதை: “நான் அப்படி என்னதான் பேசினேன்?”

வாத்தியார் எழுந்து போய், இன்னும் கட்டாத தோல்தாள்களை ஒரு துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். கிறிஸ்து பிறப்புக்கு அரண்மனைக்குக் கொடுக்க வேண்டிய பிரதி அது. ஒன்றுதான் இருக்கிறது, பத்திரம் என்று என்னைப் பார்த்துச் சொன்னார். விலாங்கு விஷயம் அவருக்கும் தெரிந்திருந்தது.

அந்த வாரம் முழுக்க மூடுபனி. மத்தியானத்திலேயே விளக்கு வைக்க வேண்டியிருந்தது. கடைக்கு யாரும் வரவில்லை. வந்தவர்களும் பனியிலிருந்து ஒரு கையும் மூக்கும் மட்டும் நீட்டி வாங்கிப் போனார்கள். நான் கணப்பு ஓரத்தில் உட்கார்ந்து என் பாதி லத்தீனை வைத்துப் படித்தேன், மாமா சர்க்கரைக் கூம்பை உடைத்துக்கொண்டே கேட்டார்.

ஊருக்கு வெளியே ஒரு தோட்டமாம். அதில் பெரிய நிழல் மரம். அந்த மாதிரி மரம் எங்கள் பக்கம் கிடையாது, இங்கே இருப்பதெல்லாம் பாப்லார் மரமும் வில்லோ மரமும்தான். ஆனால் பழைய கிரேக்க நூல் ஒன்றில் பேச்சு அப்படியொரு மரத்தடியில் நடந்ததால் வாத்தியார் அதைக் கொண்டுவந்து நட்டிருந்தார். மரத்துக்குக் கீழே ஓடை. வெயில். சில்வண்டுச் சத்தம். மாமா செருப்பைக் கழற்றி ஓடையில் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். மேலே வெள்ளை அங்கி.

“செருப்பு இல்லாமலா?” என்றார் மாமா. அவருக்குக் கால் நனைந்தால் மூன்றாம் நாள் மார்பில் கட்டிக்கொள்ளும்.

“ஆமா மாமா. கால ஆட்டிக்கிட்டு வேற இருக்கீங்க.”

“காவல்படைக்காரர் ஒண்ணும் சொல்லலையா?”

“அவரும் கழட்டிட்டாரு.”

மாமா சர்க்கரை உடைப்பதை நிறுத்திவிட்டார். நூலிலிருந்த ஆள் பேசுவதை, தெருவில் தன் சாயலில் ஒருவன் போவதைப் பார்க்கிற மாதிரி, தலையைச் சாய்த்துக் கேட்டார். அந்த பெல்லினோ அவசரமே படவில்லை. எதிராளி கத்தும்போது ஓடையைப் பார்த்தான். நோவு இல்லாத உடம்பு, பயம் இல்லாத மனசு, பக்கத்தில் ஒரு சிநேகிதன், இதுக்கு மேலே கடவுள்களுக்கே என்ன இருக்கிறது என்று கேட்டான். மேகம் மாதிரி மெதுவாகப் பேசினான். எனக்குப் புரியாத சொல் வரும்போதெல்லாம் நான் நிறுத்தினால், பரவாயில்லை குட்டி, அவன் யோசிக்கிறான் போல, இரு, என்பார் மாமா.

மறுநாள் மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு, வா, ஒரு நடை போய்விட்டு வரலாம் என்றார். கோட்டை வாசலைத் தாண்டிக் கால்வாய் ஓரமாகப் போனோம். ஒன்றும் தெரியவில்லை. பனிக்குள் ஒரு படகு போனது, படகைக் காணோம், துடுப்புச் சத்தம் மட்டும் போனது. மாமா வலப்பக்கம் இடப்பக்கம் பார்த்துக்கொண்டே நடந்தார். எதைத் தேடுகிறார் என்று எனக்குத் தெரியும். அது அங்கே இல்லை என்று அவருக்கும் தெரியும். வேறு யாராக இருந்தாலும் ஒரு வாரத்துக்கு வைத்துச் சிரித்திருப்பேன். ஒரு வில்லோ மரத்தடியில் நின்றார். செருப்பைக் கழற்றினார். காலுறையைக் கழற்றினார். சகதியும் இலையுமாக ஓடிக்கொண்டிருந்த கால்வாயில் இரண்டு காலையும் விட்டுக்கொண்டு உட்கார்ந்தார். பல் கிடுகிடுவென்று அடித்தது. அப்புறம் அடிப்பது நின்றது. வெண்மைக்குள் வெண்மையாக, சும்மா உட்கார்ந்திருந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து காலை விட்டேன். கொஞ்ச நேரம் நாங்கள் எந்த ஊரிலும் இல்லை.

சாவைப் பற்றிய பக்கம் அதற்கு மறுநாள் வந்தது. மாமாவுக்கு நெஞ்சில் சளி, தோளில் இரண்டு கம்பளி. நான் படித்தேன்: அணைந்த மெழுகுவர்த்தி இருட்டைப் பார்த்துப் பயப்படுவதில்லை. சுடர் போன பிறகு மெழுகுக்கு நோவு ஏது? அதற்குச் சூடும் இல்லை, குளிரும் இல்லை. நாம்தான் வெளியே நின்று அதற்காக நடுங்குகிறோம்.

மாமா இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். படித்தேன்.

“இது அந்தத் தோட்டத்து ஞானி சொன்னதில்ல, குட்டி” என்றார். “நான் சொன்னது.”

அத்தையை அடக்கம் செய்த மறுநாள் வாத்தியார் கடைக்கு வந்தாராம். நான் அப்போது மடத்தில் இருந்தேன். மாமா மிச்சமிருந்த வர்த்திகளைக் கையில் வைத்துக்கொண்டு அவரிடம் கேட்டாராம்: வாத்தியாரே, நீங்க நிறையப் படிச்சவர், சுடர் போன அப்புறம் இந்த மெழுகுக்கு வலிக்குமா? வாத்தியார் மாமாவின் தோளில் கையை வைத்துவிட்டுப் போய்விட்டார். போனவர் வீட்டில் உட்கார்ந்து, பழைய கிரேக்கனிடமும் ரோமாபுரிக்காரனிடமும் கேட்டு, கேள்வியைப் பதிலாக்கி, மாமாவின் வாயிலேயே திருப்பி வைத்திருக்கிறார். வாத்தியாரைப் பற்றி நான் முன்னால் எழுதியது கொஞ்சம் அதிகம்தான். அழிக்கப்போவதில்லை.

அன்று மாமா தூங்கினார். மத்தியானம் கணப்பு ஓரத்தில் தலையைச் சாய்த்தவர், விளக்கு வைத்து, அம்மா பூசணிக்காய் வேகவைத்து, நாங்கள் சாப்பிட்டு முடித்தும் எழுந்திருக்கவில்லை. அத்தை போன பிறகு அவர் அப்படித் தூங்கி நான் பார்த்ததில்லை.

அம்மாவுக்கு இந்தத் தத்துவம் எதுவும் பிடிபடவில்லை. அவளுக்குப் பிடிபட்டது நிலவறை. சபையில் என்ன சொல்ல வேண்டும் என்று வாரம் முழுக்க அவருக்குச் சொல்லிக்கொடுத்தாள்.

“அண்ணே, எனக்கு லத்தீன் தெரியாதுன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. அவ்வளவுதான். பொய்யும் இல்ல, ஒண்ணும் இல்ல. சொல்லிட்டு உக்காந்துருங்க.”

மாமா தலையாட்டினார். எனக்கு அந்தத் தலையாட்டலில் நம்பிக்கை இல்லை.

பெண்களைச் சபைக் கூட்டத்துக்குள் விடமாட்டார்கள். ஆனால் சபையின் முக்காடுகளைத் துவைப்பது என் அம்மா. ஞாயிற்றுக்கிழமை காலையில் துவைத்து மடித்து வைத்ததில் ஒன்று குறைந்தது. சபைக் கோயிலின் கடைசித் தூணுக்குப் பக்கத்தில், இரண்டு ஓட்டை வழியாக உலகத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு குள்ளமான சகோதரர் நின்றிருந்தார். அவ்வளவு சொன்னால் போதும்.

கதவைச் சாத்தியும் பனி உள்ளே வந்திருந்தது. மெழுகுவர்த்திகள் ஒவ்வொன்றையும் சுற்றி மஞ்சளாக ஒரு வட்டம். முக்காடு போட்ட ஆட்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள், காலுக்குக் கீழே அவர்களுடைய ஆட்கள் வரிசையாகப் படுத்திருந்தார்கள். நடுவில், தரைக்கல் பக்கத்தில், முக்காடு இல்லாமல் மாமா மட்டும். இருமிக்கொண்டிருந்தார்.

ஜிரால்டோ அன்றைக்குக் குரலைக் கொஞ்சம் தடிப்பாக்கிக்கொண்டு கேட்டார்: “பெல்லினோ, அந்த நூல்ல இருக்கறது உன் பேச்சா, இல்லையா?”

எல்லோரும் இல்லை என்பதற்காகக் காத்திருந்தார்கள். அவர்களுக்கும் அதுதான் வேண்டும். வருஷக்கணக்காக அவர் கையால் மருந்து குடித்தவர்கள்.

“நான் கேட்டது” என்றார் மாமா. “சொன்னது இல்ல. கேட்டது.”

கூட்டம் அசைந்தது. மாமா தரைக்கல்லைப் பார்த்தபடியே பேசினார். லத்தீன் இல்லை, தோட்டத்து ஆளின் நிதானமும் இல்லை, நடுநடுவே இருமல். பூசையில் சாமியார் சொல்லும்போது எல்லாவற்றையும் நம்புகிறேன், அதில் குறையில்லை என்றார். ஆனால் கடையைச் சாத்தின பிறகு தாதேயாவுக்குக் குளிருமோ என்று தோன்றும், யாரிடமாவது கேட்கத் தோன்றும். ஒருத்தரிடம் கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. அவர் இன்னும் பழைய ஆட்களிடம் கேட்டு எழுதிவிட்டார். “அத நான் சொல்லலேன்னா, கேக்கவும் இல்லேன்னு ஆயிடும். கேட்டேனே.”

அம்மா சொல்லிக்கொடுத்தது வீணாகிவிட்டது, இடம் போய்விட்டது என்று நினைத்தேன்.

அப்போது மூன்றாவது வரிசையில் ஒரு முக்காடு எழுந்தது. கையில் ஒட்டியிருந்த மாவை வைத்து ரொட்டிக்கடை சானீனோ என்று கண்டுபிடித்தேன். வேனிற்காலத்தில் அவர் தன் சின்னப் பெண்ணை இந்தக் கல்லுக்குக் கீழேதான் வைத்தார்.

“அந்தப் பழைய ஆளுங்க என்ன சொன்னாங்க?” என்று கேட்டார். “குளிராதாமா?”

மாமா தலைவரைப் பார்த்தார். தலைவர் தடுக்கவில்லை, சணல் நெடியடிக்கும் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமா மெழுகுவர்த்தியைப் பற்றிச் சொன்னார். சூடும் இல்லை, குளிரும் இல்லை, நாம்தான் வெளியே நின்று நடுங்குகிறோம் என்று எங்கள் ஊர்ப் பேச்சிலேயே சொன்னார். கயிறு திரிப்பவர்களும் படகுக்காரர்களும் கிறிஸ்து பிறப்பதற்கு முன்னால் செத்துப்போன யாரோ ஒரு கிரேக்கன் சொன்னதைத் தலையைக் குனிந்து கேட்டார்கள். முக்காட்டுக்குள் யார் என்ன முகம் வைத்திருந்தார்கள் என்று தெரியாது. சானீனோ உட்கார்ந்துவிட்டார். யாரோ மூக்கைச் சிந்தினார்கள்.

ஜிரால்டோ தொண்டையைக் கனைத்துக்கொண்டார். “இது அஞ்ஞானிங்க பேச்சு” என்றார். “அவங்க பேசட்டும், அவங்க வாய யாரு மூடறது? நம்ம ஆளு பேர்ல இருக்கக் கூடாது. பெல்லினோ, நூல்லேருந்து உன் பேர எடுத்துட்டா சபைக்கு ஆட்சேபணை இல்லேன்னு நினைக்கிறேன். எடுப்பியா?”

“எடுத்தா தாதேயா பக்கத்துல இடம் உண்டா?”

“உண்டு.”

“எடுத்துடறேன்” என்றார் மாமா. ஆனால் அந்தச் சொல் வருவதற்குள் ஒரு மெழுகுவர்த்தி கொஞ்சம் உருகியிருக்கும்.

மொச்சைப் பெட்டி சுற்றி வந்தது. சரி என்றால் கறுப்பு, கூடாது என்றால் வெள்ளை. கடைசித் தூண் வரைக்கும் வந்தது. கணக்குப் பார்த்தபோது ஒன்றிரண்டைத் தவிர எல்லாம் கறுப்பு. ஆனால் சபையில் இருக்கும் ஆட்களைவிடக் கொட்டை ஒன்று அதிகமாக இருந்தது. கணக்கர் மறுபடி எண்ணினார், பெட்டியைக் கவிழ்த்துத் தட்டினார், முக்காட்டுக்குள் கையை விட்டுத் தலையைச் சொறிந்தார். மாமாவின் முடிவு அந்த ஒன்றால் மாறப்போவதில்லை என்பதால் தலைவர் போதும் என்று கைகாட்டிவிட்டார். கீழே இருப்பவர்களில் யாரோ போட்டிருக்கலாம் என்று ஒரு படகுக்காரர் முணுமுணுத்தார். அதை மறுக்க நான் யார்?

மறுநாள் வாத்தியார் கடைக்கு வந்தார். எழுத்தைச் சுரண்டத் தன் தோல்தாளில் கத்தி படப்போகிறது என்று கேட்டதும் முகம் வெளிறி, ஒரு மடக்கு ஒயினை ரோமாபுரிக் கணக்கெல்லாம் பார்க்காமல் அப்படியே குடித்தார். பெயரை எடுத்தால் அங்கே இன்னொரு பெயர் வேண்டுமே. அவர் யோசித்தார். உயிரோடு இருக்கும் யாரையும் போட முடியாது, அவனும் எங்கேயாவது அடக்கமாக வேண்டியவன்தான். கடைசியில் ஒரு கிரேக்கனைப் போட்டுக்கொள்கிறேன் என்றார். ஆயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் செத்தவன் என்ன வேண்டுமானாலும் பேசலாம், அவனை எந்த நிலவறையிலிருந்தும் தள்ள முடியாது. ஃபிலாந்தஸ் என்று ஒரு பெயர் வைத்தார். அப்படி ஓர் ஆள் இருந்தாரா என்று கேட்டேன். இப்போதுதான் பிறக்கிறார் என்றார். அவர்கள் நூல்களில் இருக்கும் கிரேக்கர்களில் எத்தனை பேர் இப்படிக் கணப்பு ஓரத்தில் பிறந்தவர்களோ.

சுரண்டும் வேலையை மாமா வேறு யாரிடமும் தரவில்லை. மெழுகு வழிக்கும் மெல்லிய கத்தியை எடுத்துத் தீட்டி, ஜன்னல் பக்கம் உட்கார்ந்தார். அவருக்கு எழுத்துத் தெரியும், தன் பெயரைக் கண்டுபிடிக்க லத்தீன் வேண்டாம். முதல் பக்கத்தில், மரத்தடியில், கையால் தடவிப் பார்த்துவிட்டுச் சுரண்டினார். தோலின் தூள் பனி மாதிரி எழும்பியது. எழுத்து போனது. அடுத்தது. ஓடையில் காலை விட்ட இடம். காவல்படைக்காரருக்குப் பதில் சொன்ன இடம். ஒவ்வொரு தடவையும் ஊதிவிட்டு, விரலால் ஒற்றி, அடுத்த பெல்லினோவைத் தேடினார். அந்த ஆள் நிறையப் பேசியிருந்ததால் சாயங்காலம் வரைக்கும் ஆனது.

முடித்ததும் ஒரு தாளை ஜன்னலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். சுரண்டிய இடமெல்லாம் மெலிந்துபோய் வெளிச்சம் ஊடுருவியது. மாமா இருந்த இடங்கள் எல்லாம் சின்னச் சின்ன ஜன்னல்களாக இருந்தன. நான் தாள்களை ஒவ்வொன்றாக வாங்கி அடுக்கினேன்.

வாத்தியார் அந்த ஜன்னல்களில் எல்லாம் ஃபிலாந்தஸை எழுதி நிரப்பினார். மை காய்ந்த பிறகு மாமா மெழுகுவர்த்திப் பக்கத்தை ஒரு தடவை படிக்கச் சொன்னார், நாளைக்கு நூல் கட்டுபவரிடம் போய், அங்கிருந்து அரண்மனைக்குப் போய்விடும் அல்லவா. நான் படித்தேன். இப்போது அதைக் கிரேக்கன் சொன்னான். மாமா கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு, முதல் தடவை கேட்கிறவர் மாதிரி, வேறொருவருடைய துக்கத்தைக் கேட்கிறவர் மாதிரி கேட்டார்.

“பாவம்” என்றார், நான் முடித்ததும். “அவனுக்கு யாரு செத்துப்போனாங்களோ.”